எல்லா அரசு மருத்துவமனைக்கும் ஒரே சாஃப்ட்வேர் கொடுத்தால் போதாதா?

கேள்வி இதுதான்: "அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் அரசே ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதை விட்டுவிட்டு நோயாளிகளின் பதிவுகளுக்குத் தரநிலை, ஸ்னோமெட், ஃபயர், ஆபா என்று ஏன் வருடக்கணக்காக இழுக்கிறார்கள்? இதையெல்லாம் யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?"

மருத்துவமனை சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். அப்போது இருந்த சீனியர் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் ஓ.பி. கவுண்டரில் போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததில் பாதி புரிந்தது. மீதி புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

செல்வி என்று ஒரு அம்மாவை வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர் அவர் வீட்டுக்கே வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அந்த எண் செயலிக்குள் போகிறது. காலில் புண் ஆறவில்லை என்று செல்வி தாலுகா மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே வேறு சாஃப்ட்வேர், புதிதாக ஓர் ஓ.பி. எண். அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே இன்னொரு எண், இன்னொரு சீட்டு. கால் விரலை எடுக்கவேண்டி வந்து முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை நடந்தால், காப்பீட்டுத் தளத்தில் நான்காவதாக ஒரு பதிவு. நான்கு இடத்திலும் செலவு செய்வது அரசுதான். ஆனால் கணினிக்கு அவர் நான்கு செல்வி.

இதில் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் வசதி உள்ள ஒரே பொருள், அவர் பையில் இருக்கும் நோட்டுப் புத்தகம்.

சரி, ஒரே சாஃப்ட்வேர் ஏன் ஆகாது? இந்த அமைப்புகள் ஒரே நாளில் ஒரே கையால் பிறந்தவை இல்லை. கர்ப்பிணிகளுக்கான பிக்மி 2008இல் மாநில அரசு தொடங்கியது. காசநோய்க்கான நிக்ஷய் 2012இல் மத்திய அரசு தொடங்கியது. மருத்துவமனை மேலாண்மை சாஃப்ட்வேர் உலக வங்கிக் கடன் பெற்ற மாநிலத் திட்டத்தின் வழியாக வந்தது. காப்பீட்டுக்கு வேறு நிறுவனம், வேறு ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்ஜெட் தலைப்பு, ஓர் இயக்குநரகம், ஒரு வெண்டர். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒன்றாக எழுதலாம் என்று கிளம்பிய நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்து 2002இல் தேசிய சுகாதார சேவை முழுமைக்கும் மேலிருந்து ஒரே திட்டமாகத் தொடங்கியது. பிராந்தியத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் கோடி பவுண்டு கணக்கான பிறகு, 2011இல் அரசே அதைக் கலைப்பதாக அறிவித்தது. அவ்வளவு பணமும் ஒரே அரசு மருத்துவ அமைப்பும் இருந்த நாட்டிலேயே கதை இப்படி. நம் ஊரில் பாதி பேர் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்குக்கும், ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனைக்கும் போகிறவர்கள். அந்தக் கிளினிக்கிடம் "எங்கள் சாஃப்ட்வேரைத்தான் போட வேண்டும்" என்று சொல்ல முடியாது.

அதனால்தான் தரநிலை. நீ உள்ளே எந்த சாஃப்ட்வேர் வேண்டுமானாலும் ஓட்டு, ஆனால் உன் வாசலைத் தாண்டி வெளியே வரும் தகவல் இந்த வடிவத்தில், இந்தக் குறியீட்டில் இருக்க வேண்டும் என்ற உடன்பாடுதான் அது. ரயில்வே தண்டவாளத்தின் அகலம் மாதிரி. பெட்டிக்குள் சீட்டை எப்படிப் போடுவது என்பது அவரவர் விருப்பம்.

இந்த அகலத்தை முடிவு செய்வது எவ்வளவு சில்லறை வேலை என்பதைக் காட்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 212.

செல்வியின் நோட்டில் "சுகர் 212" என்று இருக்கிறது. வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா, போன நேரத்தில் எடுத்ததா? விரலில் குத்தி கருவியில் பார்த்ததா, கையில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்ததா? வெறும் வயிற்றில் 212 என்றால் டாக்டர் மருந்தை மாற்றுவார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து 212 என்றால் அறிவுரை சொல்லி அனுப்புவார். எண் ஒன்று, அர்த்தம் இரண்டு. இதற்காகத்தான் லோயிங்க் என்ற குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் தொடங்கியது. அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 1558-6. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததற்கு 1521-4. விரலில் குத்தி கருவியில் பார்த்ததற்கு 41653-7. மூன்றும் வேறு வேறு எண்கள். அப்புறம் அலகு. நமக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். லண்டனில் இருக்கும் மகளுக்கு இதே ரிப்போர்ட்டை அனுப்பினால், அங்கே டாக்டர்கள் லிட்டருக்கு மில்லிமோல் என்று பார்க்கிறவர்கள். அவர்களுக்கு 212 என்பது ஏறக்குறைய 11.8. அலகு எழுதாத எண்ணுக்கு மருத்துவத்தில் மதிப்பு கிடையாது.

இதெல்லாம் கேட்கச் சுலபம். ஓர் அரசு மருத்துவமனை லேபில் பழைய சாஃப்ட்வேரின் டெஸ்ட் மாஸ்டரை, அதாவது சோதனைகளின் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது சர்க்கரைச் சோதனைக்கு மட்டும் பதினோரு பெயர்கள் இருந்தன. ஒன்று ஆர்.பி.எஸ்., ஒன்று ரேண்டம் சுகர், ஒன்று பி.பி.பி.எஸ்., ஒன்று வெறும் "சுகர்", ஒன்றில் எழுத்துப்பிழை. வந்த ஒவ்வொரு டெக்னீஷியனும் தனக்கு வசதியாக ஒன்று சேர்த்திருக்கிறார். தப்பு அவர்கள் மேல் இல்லை. சேர்க்க விட்ட சாஃப்ட்வேர் மேல். பதினொன்றை நான்காக்கிக் குறியீடு போட மூன்று நாள் ஆனது. குறியீடு தெரியாததால் ஆன தாமதம் இல்லை அது. "சுகர்" என்று மட்டும் பதிந்த பழைய முடிவுகள் எந்த வகை என்று சொல்ல யாரும் இல்லை. கடைசியில் அவற்றை அப்படியே "வகை தெரியாது" என்று வைத்துவிட்டோம். தெரியாததைத் தெரியாது என்று பதிய ஓர் இடம் இருப்பதும் தரநிலையின் வேலைதான்.

நோயின் பெயருக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகும், ஏனென்றால் அங்கே ஒரே நோய்க்கு மூன்று பட்டியல்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி., கணக்கெடுப்புக்கு: எத்தனை பேர் எதனால் இறந்தார்கள், எந்த மாவட்டத்தில் என்ன நோய். அதன் பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு ஈ11. ஸ்னோமெட் சி.டி. என்பது டாக்டர் சொல்லும் அளவுக்கு நுணுக்கமாகப் பதிவதற்கு. அதில் இதே நோய்க்கு 44054006. மூன்றாவது, காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் வைத்திருக்கும் பேக்கேஜ் எண். பணம் வருவது அதில். மூன்றும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. டாக்டர் மூன்றையும் டைப் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. அவர் ஒருமுறை தேர்வு செய்தால் மற்ற இரண்டும் பின்னணியில் பொருந்த வேண்டும். ஸ்னோமெட்டுக்கு உரிமக் கட்டணம் உண்டு. ஆனால் அதை நடத்தும் சர்வதேச அமைப்பில் இந்தியா 2014இல் உறுப்பு நாடானதால் நாட்டுக்குள் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். புனேயில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கில் இதற்கென்று தேசிய மையமே இருக்கிறது. இது பல கிளினிக் சாஃப்ட்வேர்க்காரர்களுக்கே தெரியாது என்பதால் சொல்கிறேன்.

"யார் முடிவு செய்கிறார்கள்" என்று கேட்டீர்கள். மத்திய சுகாதார அமைச்சகம் நிபுணர் குழு வைத்து 2013இல் மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளை முதலில் வெளியிட்டது. 2016 டிசம்பரில் திருத்திய பதிப்பு வந்தது. அதில் ஸ்னோமெட், லோயிங்க், ஐ.சி.டி., ஸ்கேன் படங்களுக்கு டைகாம் எல்லாம் இருந்தன. 2019இல் தேசிய டிஜிட்டல் சுகாதார வரைவுத் திட்டம். 2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவிப்பு, புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டம். 2021 செப்டம்பர் 27 முதல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுக்க. இதை நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். நோயாளிக்குப் பதினான்கு இலக்க ஆபா எண், டாக்டர்களுக்கு ஒரு பதிவேடு, மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவேடு, நோயாளி சம்மதம் கொடுத்தால் மட்டும் தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் நுழைவாயில். இவைதான் அதன் தூண்கள்.

தகவல் பயணிக்கும் வடிவம் ஃபயர். தீ இல்லை, எஃப்.ஹெச்.ஐ.ஆர். என்ற நான்கு எழுத்தை அப்படிப் படிக்கிறார்கள். இதற்கு முன், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரநிலை எழுதும் ஹெச்.எல்.7 அமைப்பின் இரண்டாம் பதிப்பு இருந்தது, நேர்கோடுகளால் பிரித்த வரிகள், இன்றும் லேப் கருவிகள் பலவற்றில் ஓடுகிறது. மூன்றாம் பதிப்பை மிகக் கச்சிதமாகச் செய்கிறேன் என்று போய் யாரும் தொடப் பயப்படும் அளவுக்குச் சிக்கலாக்கிவிட்டார்கள். 2011இல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் வேறு வழியில் யோசித்தார்: நோயாளி ஒரு துண்டு, ஒரு சோதனை முடிவு ஒரு துண்டு, ஒரு மருந்துச் சீட்டு ஒரு துண்டு, சாதாரண வெப் புரோகிராமருக்குத் தெரிந்த முறையில் அவற்றைக் கேட்டு வாங்கலாம். இந்தியா எடுத்திருப்பது அதன் நான்காம் வெளியீடு. நேற்று கல்லூரி முடித்த பையன் இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டு எழுத ஆரம்பிக்கிறான். அதற்காகவே இந்தத் தேர்வு சரி என்பேன்.

ஆனால் ஃபயர் எங்கோ பிறந்தது, நம் பெயர்கள் இங்கே பிறந்தவை. அதில் ஒருவரின் பெயருக்குக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், கொடுத்த பெயர் என்று ஒரு கட்டம். செல்வியின் பெயர் ஆதாரில் "செல்வி எம்". ரேஷன் அட்டையில் "மு. செல்வி". கல்யாணத்துக்கு முன் எழுதியது "க. செல்வி", அப்பா பெயர் கருப்பையா. தாலுகா மருத்துவமனையில் கவுண்டரில் இருந்த பெண் கட்டம் காலியாக இருந்தால் சேமிக்காது என்பதால் குடும்பப் பெயர் இடத்தில் கணவர் பெயரை "முருகன்" என்று போட்டார். இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இனிஷியல் இருக்கிறது, அது அப்பாவோடும் கணவரோடும் மாறுகிறது. நல்லவேளையாக, ஃபயரில் முழுப் பெயரையும் ஒரே வரியாக எழுதும் கட்டம் ஒன்றும் உண்டு. அதை மட்டும் கட்டாயமாக்கி, மற்றதை விருப்பமாக விட்டால் பிரச்சினை பெருமளவு தீரும். ஆனால் திரையை வடிவமைக்கிறவர் வேறு எங்கோ எழுதிய மாதிரியைப் பார்த்து இரண்டு கட்டம் போட்டுச் சிவப்பு நட்சத்திரமும் வைத்துவிடுவார். அந்த நட்சத்திரம் ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான முருகன்களை உற்பத்தி செய்யும்.

பிறந்த தேதியும் இப்படித்தான். "வயசு அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்" என்பதுதான் பதில். ஆதாரிலேயே பலருக்கு வருடம் மட்டும்தான் இருந்தது. தரநிலை இதை அனுமதிக்கிறது: ஃபயரில் பிறந்த தேதியாக வெறும் 1969 என்று எழுதலாம், தப்பே இல்லை. ஆனால் சாஃப்ட்வேரில் காலண்டர் பெட்டி வைத்து நாளைத் தேர்வு செய்யாமல் விடமாட்டேன் என்கிறார்கள். உடனே ஜனவரி 1. ஒரு வார்டில் எத்தனை பேருக்கு ஜனவரி 1 பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள், புத்தாண்டுக்குத் தனியாக கேக் வேண்டாம். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட மே, ஜூன் தேதி. பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் ஒப்பிட்டு "இவரும் அவரும் ஒருவரே" என்று கணினி முடிவு செய்யும்போது, செல்வி, 01-01-1969, பெண் என்பது ஒரு மாவட்டத்துக்கே பொருந்தும்.

அதற்குத்தானே ஆபா எண் என்பீர்கள். உண்மைதான், நாடு முழுக்க எழுபது கோடிக்கு மேல் ஆபா கணக்குகள் உருவாகிவிட்டன. ஆனால் காலை எட்டரை மணிக்கு ஓ.பி. வரிசையில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எண்ணை உறுதி செய்ய ஓ.டி.பி. வர வேண்டும். செல்வியின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் நம்பர். மகன் ஷிஃப்டில் இருக்கிறான். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கவுண்டர்காரர் என்ன செய்வார்? "தவிர்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு உள்ளூர் ஓ.பி. எண் போட்டு அனுப்புவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நான்கு செல்விகள் நான்காகவே இருப்பார்கள்.

இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் போய்விட்டது. தரநிலை ஆவணம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டது என்பதால் எதுவும் நடப்பதில்லை. அதைப் பின்பற்றினால்தான் ஏதோ ஒன்று கிடைக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்ற இடத்தில் மட்டும்தான் அது நடைமுறைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. இரண்டையும் யாரும் தகவல் தரநிலை என்ற பெயரில் பேசுவதே இல்லை.

முதலாவது மருந்து. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று போட்டார்கள், பிராண்ட் பெயர் இல்லாமல் மூலப்பெயரில், பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண்ணோடு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் அந்த வருடத்துக்கான ஒதுக்கீடு. மாவட்டக் கிடங்கில் போய் மருந்து எடுக்க எடுக்க வங்கிக் கணக்கு மாதிரி தொகை கழியும். பட்டியலில் உள்ள பெயரில் கேட்டால் மாத்திரை கிடைக்கும், வேறு பெயரில் கேட்டால் கிடைக்காது. அவ்வளவுதான். மாநிலம் முழுக்க ஃபார்மசிஸ்டுகள் ஒரே பெயரில் எழுதப் பழகிவிட்டார்கள். இன்று எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் அரசு மருத்துவமனையின் மருந்துப் பகுதிதான் முதலில் சுத்தமாக ஓடும். காரணம் அதுதான்.

இரண்டாவது பிக்மி. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்து பன்னிரண்டு இலக்க ஆர்.சி.எச். (தாய் சேய் நல) எண் தருகிறார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கு அந்தப் பதிவு வேண்டும். 2017இல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்கள்கூட "பிக்மி நம்பர் வாங்கிட்டீங்களா" என்று மூன்றாம் மாதமே கேட்கிறார்கள். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு தகவல் வாங்குவது சரியா என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த பெண் பிரசவ நேரத்தில் எண் இல்லாமல் நின்றால் அலைவது அவள்தான். ஆனால் ஒரு பதிவு எப்படி மாநிலம் முழுக்கப் பரவுகிறது என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

பணத்தை முடிச்சுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் கதை இதுதான். 2009 பிப்ரவரியில் ஹைடெக் சட்டம் கொண்டுவந்தார்கள். முதியோருக்கான மெடிகேர், வசதியில்லாதவர்களுக்கான மெடிகெய்ட் என்ற இரண்டு அரசுத் திட்டங்கள் வழியாக, சான்று பெற்ற மின்னணுப் பதிவு சாஃப்ட்வேரை "அர்த்தமுள்ள வகையில்" பயன்படுத்தும் டாக்டருக்குப் பணம். மெடிகேரில் ஒருவருக்கு 44,000 டாலர் வரை, மெடிகெய்டில் 63,750 டாலர் வரை. 2015 முதல் பயன்படுத்தாதவர்களுக்கு மெடிகேர் பில்லில் பிடித்தம். சான்று இல்லாத சாஃப்ட்வேரை விற்கவே முடியாத நிலை வந்தது. பத்து வருடத்துக்குள் காகிதத்தில் ஓடும் மருத்துவமனை அங்கே அபூர்வமாகிவிட்டது. அந்த அளவில் பெரிய வெற்றி.

ஆனால் டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டங்களில் டிக் போட ஆரம்பித்தார்கள். புகைபிடிப்பாரா என்று கேட்டதாக ஒரு டிக், அறிவுரை சொன்னதாக ஒரு டிக். அதை விட முக்கியமானது வேறொன்று: எல்லோரிடமும் கணினி வந்தது, ஆனால் ஒரு மருத்துவமனையின் பதிவு பக்கத்து மருத்துவமனைக்குப் போகவில்லை. நோயாளி கைவிட்டுப் போகாமல் இருக்க அது நல்ல வழி என்று சிலர் கண்டுகொண்டார்கள். கடைசியில் 2016இல் இன்னொரு சட்டம் போட்டுத் தகவலைத் தடுத்து வைப்பதையே சட்டவிரோதமாக்க வேண்டி வந்தது, 2020இல் ஃபயர் வழியாகத் தகவல் தர வேண்டும் என்று விதி எழுத வேண்டி வந்தது. முதல் காசோலையை எழுதும்போதே "பதிவு வைத்திருப்பதற்கு" என்பதற்குப் பதில் "அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்த பதிவுக்கு" என்று எழுதியிருந்தால் இந்த ஏழெட்டு வருடம் மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நாம் அந்தப் பாடத்தைப் படித்தோமா? பாதி. நம் 2016 தரநிலைகள் பரிந்துரையாகவே கிடந்தன. மருத்துவ நிறுவனங்களுக்கான 2010 மத்தியச் சட்டத்தின் விதிகளில் மின்னணுப் பதிவு பற்றி ஒரு வரி உண்டு, ஆனால் அந்தச் சட்டத்தை ஏற்காத மாநிலங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997 சட்டம். பிறகு 2023 ஜனவரியில் ஊக்கத் தொகைத் திட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபாவோடு இணைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய் வரை, உச்சவரம்பு 4 கோடி என்று அறிவித்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். அனுமதிக்கப்பட்ட பதிவு வகைகளில் ஸ்கேன் செய்த காகிதத்தை அப்படியே இணைக்கும் வகையும் ஒன்று. அது தேவையான வசதிதான், பழைய சீட்டுகளை வேறு எப்படி ஏற்றுவது? ஆனால் டாக்டர் கிறுக்கிய சீட்டின் மங்கலான போட்டோவும் ஒரு பதிவு, லோயிங்க் எண்ணோடும் அலகோடும் வந்த 212ம் ஒரு பதிவு என்று ஒரே விலை வைத்தால், எது அதிகமாக வரும் என்று சொல்ல நிபுணர் குழு தேவையில்லை.

இன்னொரு பக்கம், காப்பீட்டில் பணம் நேரடியாகக் குறியீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே தலைகீழ்ப் பிரச்சினை. பேக்கேஜ் எண் தவறினால் க்ளெய்ம் திரும்பிவிடும் என்பதால் எழுதுகிறவர் எண்ணில் கவனமாக இருப்பார். அதே காரணத்தால், நோய் பேக்கேஜைப் பார்த்துக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அந்தத் தகவலை வைத்து மாவட்டத்தில் என்ன நோய் அதிகம் என்று ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும்.

டிஜிட்டல் மிஷனில் மக்கள் தாமாக எடுத்துக்கொண்ட ஒன்றும் உண்டு. 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய க்யூ.ஆர். ஸ்கேன் வழி ஓ.பி. பதிவு. போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி கவுண்டருக்குப் போய்விடும், டோக்கன் எண் வந்துவிடும். டைப் செய்யும் வேலை கவுண்டர்காரருக்கு மிச்சம், நிற்கும் நேரம் நோயாளிக்கு மிச்சம். அதனால் பரவியது. கவனியுங்கள், அதில் மருத்துவத் தகவல் எதுவுமே பரிமாறப்படவில்லை. இருந்தும் சரியான பெயரோடும் எண்ணோடும் ஒருவர் உள்ளே நுழைகிறார். மேலே சொன்ன முருகன் பிரச்சினைக்கு இதுவரை வந்த மருந்துகளில் இதுதான் சிறந்தது. சொந்தமாக ஸ்மார்ட்போன் உள்ளவர்களுக்கு மட்டும் வேலை செய்யும் மருந்து.

தனியுரிமை பற்றி ஒரு வார்த்தை. நம் அமைப்பில் பதிவுகள் டெல்லியில் ஒரே பெட்டகத்தில் சேர்வதில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நுழைவாயில் சம்மதத்தைச் சரிபார்த்து வழிவிடும். வடிவமைப்பாக இது நல்லது. சம்மதம் என்பது எந்தத் தகவல், எதற்காக, எத்தனை நாளுக்கு என்று எழுதிய ஒரு மின்னணுச் சீட்டு. ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் ஆரம்பிக்கும் எதையும் பிறகு நம்பவைப்பது கஷ்டம். தடுப்பூசி மையங்களில் ஆதார் காட்டியவர்களுக்குச் சொல்லாமலே சுகாதார எண் உருவாக்கப்பட்டது என்று 2021இல் எழுந்த புகார் இன்றும் பேசப்படுகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல்தான் வந்தது. எச்.ஐ.வி., மனநலம், கருக்கலைப்பு போன்றவற்றை மற்றவற்றோடு ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பக் கூடாது, நோயாளி ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்க வழி வேண்டும். பல் டாக்டருக்கு எல்லாமே தெரிய வேண்டியதில்லை.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு: ஒரே சாஃப்ட்வேர் கொடுத்தாலும் ஐந்து வருடத்தில் ஒப்பந்தம் முடியும், புதிய நிறுவனம் வரும், பழைய பதிவுகள் யாருக்கும் படிக்கத் தெரியாத வடிவத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேரும். இதை நான் நேரில் பார்த்தேன். மாவட்டம் ஒன்றில் சாஃப்ட்வேர் மாறியபோது பழைய நிறுவனம் தகவலை ஒப்படைத்தது உண்மை. திறந்து பார்த்தால் பெயர் தெரியாத முந்நூற்றுச் சொச்சம் அட்டவணைகள், விளக்கக் குறிப்பு ஒரு பக்கம்கூட இல்லை. ஒப்பந்தத்தில் "தகவலை ஒப்படைக்க வேண்டும்" என்று மட்டும்தான் இருந்தது, எந்த வடிவத்தில் என்று இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை.

அதனால் நீங்கள் ஏதாவது ஒரு மாவட்டத்திலோ துறையிலோ இந்த முடிவை எடுக்கும் இடத்தில் இருந்தால், ஸ்னோமெட்டா வேறொன்றா என்ற விவாதத்தை விட்டுவிடுங்கள், அது தேசிய அளவில் முடிந்துவிட்ட விஷயம். டெண்டரில் ஒரு நிபந்தனை சேருங்கள். இறுதித் தவணை பாஸாவதற்கு முன், துறை தேர்ந்தெடுக்கும் பத்து நோயாளிகளின் முழுப் பதிவையும் இந்த சாஃப்ட்வேரிலிருந்து ஃபயர் வடிவில் எடுத்து, போட்டி நிறுவனம் ஒன்றின் சாஃப்ட்வேரில் ஏற்றிக் காட்ட வேண்டும். பத்தில் ஒருவருக்குப் பிறந்த வருடம் மட்டும் தெரிந்திருக்கட்டும், இருவருக்கு இனிஷியல் மாறியிருக்கட்டும், ஒருவருக்கு சர்க்கரை 212 என்று இருக்கட்டும். ஏற்றிய பிறகு, அந்தப் பக்கத்தில் ஒரு டாக்டரை உட்கார வைத்து, 212 எப்போது எடுத்தது என்று கேளுங்கள். அவர் போனைத் தூக்கி யாரையும் கேட்காமல் பதில் சொன்னால் பில்லில் கையெழுத்துப் போடலாம்.

டெண்டருக்கு முன் இந்த அரைப் பக்கத்தைச் சேர்க்கச் செலவு ஒன்றும் இல்லை. வேலை ஆரம்பித்த பிறகு கேட்டுப் பாருங்கள், அதற்குத் தனியாக ஒரு கொட்டேஷன் வரும்.